பழகத் தைத்த திரை

தெருப்பக்கத்து யன்னலைத் திறப்பதென்றால் முதலில் அதற்குத் திரை போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் மர்சூக் வயலுக்குப் போயிருந்தான். நாவிதன்வெளி வட்டையில் அவனுக்கு வயல் இருந்தது. வெள்ளாமை வெட்டி, சூடடித்து, நெல்லை ஏற்றி முடிக்கும் வரை அங்கே வாடிக் குடிசையில்தான் படுக்கை. கல்லோயாத் தண்ணீர் வாய்க்காலில் வரத் தொடங்கிய பிறகு வருஷத்தில் இரண்டு போகம். இரண்டு போகத்துக்கும் அவன் வீட்டில் இல்லை. கல்யாணமான நாள் தொட்டு இதுதான் நடப்பு என்பதால் றாவியாவும் பழகிவிட்டாள். இந்த முறை அவளுக்கு வீடு வெறிச்சென்றும் தெரியவில்லை. அவன் வருவதற்குள் திரையைத் தைத்துத் தொங்கவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு இல்லை.

வீடு அவளுடையது. கல்முனைக்குடியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். உம்மாவும் வாப்பாவும் கண்ணை மூடுவதற்கு முன் அவள் பேருக்கு எழுதிவைத்த கல்வீடு அது. குறை என்றால் ஒன்றே ஒன்றுதான். தெருப்பக்கத்துச் சுவரில் ஒரு பொட்டுத் துவாரம் கிடையாது. பெண்கள் புழங்கும் வீட்டுக்குத் தெருவில் என்ன வேலை என்று நினைத்த காலத்துச் சுவர். வைகாசி வெயிலில் உள்ளே இருப்பவர் அவிந்துபோக வேண்டியதுதான். நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையாக வந்த மர்சூக்தான் மேசனைக் கூட்டிவந்து, சுவரை உடைத்து, பூப்போட்ட கம்பி வைத்து, இரட்டைக் கதவு யன்னல் ஒன்று போட்டுக் கொடுத்தான். தெரு ஒரு மாதம் அதைப் பற்றியே கதைத்தது. அந்தக் கதை அடங்குவதற்குள் கையால் சுற்றுகிற தையல் மெசின் ஒன்றும் வந்து இறங்கியது. நான் இல்லாத நேரம் உனக்குப் பொழுது போகட்டும் என்றான். றாவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நான் என்ன நன்மை செய்தேனோ என்று தொழுகைப் பாயில் இருந்து அவள் அழுததும் உண்டு. அதை அவனிடமே சொல்லியும் இருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

தையலில் அவளுக்குத் தெரிந்தது கிழிந்ததை ஒட்டுவது மட்டும்தான். திரை ஆசையை மூட்டிவிட்டவள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செலீனா, தபால் கந்தோர் கிளாக்கரின் மனைவி. செலீனாவின் வீட்டு யன்னல்களில் ஓரத்துக்கு லேஸ் வைத்த திரைகள் தொங்கும். காற்று வரும்போது அவை உள்ளே வந்து கதிரையைத் தொட்டுவிட்டுப் போவதை றாவியா வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்து ஏங்கியிருக்கிறாள். மேல் மடிப்பை எப்படிக் கம்பி நுழையும்படி விட வேண்டும், அடிமடிப்பை எப்படி இரண்டு தரம் மடித்துத் தைக்க வேண்டும் என்று செலீனா வேலிக்கு மேலால் சொல்லிக் கொடுத்தாள். கடைசியாக ஒரு புத்தியும் சொன்னாள். எடுத்த எடுப்பில் நல்ல துணியில் கத்தரிக்கோலை வைக்க வேண்டாம், மலிவான துணியில் ஒரு சோடி தைத்துத் தொங்கவிட்டுப் பார், செய்கிற பிழையையெல்லாம் அதிலே செய்து முடி என்றாள்.

நல்ல புத்திதான். மர்சூக் வாங்கி வைத்திருந்த நீலப் பூப்போட்ட துணி அளவாகத்தான் இருந்தது. ஒரு வெட்டுப் பிசகினால் போச்சு. அதனால் சைக்கிளில் பொட்டணம் கட்டி வருகிற புடவைக்காரர் அழகரெத்தினத்தைக் கூப்பிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றபடி, பழகுவதற்கு ஏதாவது மலிவாகத் தாருங்கள் என்றாள். அவர் மல் துணியில் ஒரு துண்டை யார்க்கோலால் அளந்து கிழித்துக் கொடுத்துவிட்டு, நிந்தவூர்ப் பக்கம் போக நேரமாகிறது என்று சைக்கிளை மிதித்தார்.

அந்த மல் துணி அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. யன்னலை அவள் தன் கையால் முழம் போட்டு அளந்திருந்தாள். துணியை அளக்கும்போது குனிந்து கை நீட்டியதால் முழம் சுருங்கிவிட்டது. மேலுக்கும் கீழுக்கும் மடிப்புத் துணி விட வேண்டும் என்று செலீனா படித்துப் படித்துச் சொன்னது, வெட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மெசினைச் சுற்றினால் அடிநூல் கூடு கட்டியது. ஒரு கையால் சுற்றி மறு கையால் துணியைத் தள்ளுவதற்குள் துணி தன் பாட்டுக்குக் கிட்டங்கி ஆறு மாதிரி வளைந்து போனது. ஊசி முறிந்தது. இரண்டாவது ஊசி விரலில் ஏறியது. அவளுக்கு ஆத்திரம் வந்தது, அழுகை வந்தது, பிறகு தனியே இருந்து சிரிப்பும் வந்தது. ஆனாலும் விடவில்லை. காலைச் சாப்பாட்டையும் மறந்து ஒரு திரையைத் தைத்து முடித்து, கம்பியில் கோத்து, யன்னலில் மாட்டி, கதவிரண்டையும் திறந்துவிட்டாள்.

காற்று வந்தது. திரை ஊதிப் பெருத்து அவள் முகத்தில் வந்து அடித்தது. புதுத்துணியின் கஞ்சி மணம். பிறந்த வீட்டில் இருபத்துச் சொச்சம் வருஷம் இருந்தவள், தன் வீட்டுக்குள் தெருக்காற்று வருவதை அன்றுதான் அறிந்தாள். திரை ஒரு சாண் குட்டை. அடிமடிப்பு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கிடந்தது. இருந்தாலும் தொங்கியது, அது போதும். அவன் வரும்போது இது நீலத்தில் தொங்கும் என்று நினைத்துக்கொண்டு, சோடியின் மற்றத் துண்டை எடுத்து, அடிமடிப்பைக் குண்டூசியால் குத்துவதில் ஒரு மணி நேரத்தைப் போக்கிவிட்டுச் சோறு வைக்கப் போனாள்.

அரிசி கொதிக்கும் முன்னே பல்கீஸ் மாமி வந்தாள். எதிர்வீட்டுக்காரி. ஊரில் ஒரு குழந்தை தும்மினாலும் அவளுக்குத் தெரியாமல் தும்மாது. வந்தவள் செருப்பில்லாமல், முக்காடு நழுவ, அடுப்படி வரை ஓடிவந்து றாவியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓலம் வைத்தாள்.

“என்ட கிளியே, இந்த வயசில உனக்கு இப்பிடி எழுதிப்போட்டானே. மர்சூக்கு, என்ட மகன், உன்னைப் போல ஒரு மாப்பிள்ளை இனி ஆருக்கு வருவான்.”

றாவியாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது. என்ன மாமி, என்ன நடந்தது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் இன்னும் நாலைந்து பெண்கள். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி வரும்போதே யாஸீன் ஓதிக்கொண்டு வந்தாள். சேதி ஊருக்கு முன்னமே வந்திருக்கிறது, கடைசியாகத்தான் எனக்கு வந்திருக்கிறது என்று மட்டும் றாவியாவுக்கு விளங்கியது. பொய் சொல்லுகிறீர்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இத்தனை பேர் சேர்ந்து பொய்யழுகை அழுவார்களா?

“அவர் எங்க மாமி?” என்று ஒருவாறு கேட்டாள்.

“கொண்டு வாறத்துக்கு ஆக்கள் கார் பிடிச்சுப் போயிட்டாங்க மகள். நீ மனசைத் தளரவிடாத” என்றாள் பல்கீஸ் மாமி.

அவ்வளவுதான். றாவியாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெளிந்தபோது அறைக்குள் பாயில் கிடந்தாள். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கையிலிருந்த காப்பையும் கழுத்திலிருந்ததையும் கழற்றிவிட்டிருந்தார்கள். மெசினடியில் கிடந்த மல் துணியின் மிச்சத்தை எடுத்துத் தலையில் போட்டிருந்தார்கள். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, ஒரு அறைக்குள் ஒடுங்கி, அந்நிய ஆண் முகத்தில் விழிக்காமல். அந்த அறைக்கு வெள்ளையில் ஒரு திரையும் கட்டுவார்கள். அதற்குத் துணி தேடி யாரும் அலையத் தேவையிருக்கவில்லை. பல்கீஸ் மாமி தைத்து முடியாத மற்றத் துண்டை எடுத்து அறை வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள். யன்னலுக்கே குட்டையான துணி, வாசலில் முழங்காலளவுக்குத்தான் வந்தது. அடியில் குண்டூசிகள் அப்படியே இருந்தன. அந்த நிலையிலும் றாவியாவின் கண் அந்த மடிப்பில் போய் நின்றது. அதைத் தைக்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்து போனது. புருஷன் மையித்தாகி வருகிறான், எனக்கு மடிப்பு ஒரு கேடா என்று தன்னையே வெறுத்தாள்.

திரைக்கு வெளியே பெண்கள் கதைத்தது காதில் விழுந்துகொண்டே இருந்தது. வாடிக்குள் நாகம் தீண்டியது என்றாள் ஒருத்தி. நாகமில்லை, நெற்சூட்டுக்குக் காவல் படுத்திருந்தபோது யானை வந்து அடித்தது என்றாள் மற்றவள். மூன்றாமவளின் கதையில் யானை இரண்டாகிவிட்டது. றாவியா ஒவ்வொன்றையும் கேட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செத்தாள். யாரும் அவளிடம் எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. பாவம், அவள் வாயால் எப்படிச் சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள். அவளும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும் என்ற பயம். அவன் போன அன்று காலையில் தேத்தண்ணி ஆறிப்போயிற்று என்று முகத்தைச் சுளித்ததும், மறுபடி சூடாக்கித் தராமல் தான் மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததும் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. ஒரு கோப்பைத் தேத்தண்ணி. அதைக்கூட ஒழுங்காய்க் கொடுக்கவில்லையே என்று வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து ஒரு பெண் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். இருபது வயதுகூட இராது. வட்ட முகம், அழுது வீங்கிய கண். நிந்தவூரிலிருந்து கூடப்பிறந்த காக்காவோடு திருக்கல் வண்டியில் வந்ததாகப் பல்கீஸ் மாமி பின்னால் வந்து சொன்னாள். காக்கா சீனிமுகம்மது வெளியே ஆண்களோடு நின்றான். வந்தவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து பாயில் இருந்து, “ராத்தா” என்று றாவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் ஓலமிட்டு அழுதார்கள். இவளுடைய அழுகை அப்படியில்லை. தோள் குலுங்கியதே தவிர வாய் திறக்கவில்லை. நிந்தவூரில் அவருடைய தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று றாவியா நினைத்தாள். யாரோ ஒருத்தியாவது என்னைப் போலவே அழுகிறாளே என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவளும் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பேர் அலிமாக்கண்டு என்றாள். மஃரிபுக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், இருட்டில் ரோட்டில் திரியக் கூடாது என்று பல்கீஸ் மாமி அவளுக்குப் புத்தி சொன்னாள்.

“ஓம் மாமி. முகத்தை ஒருக்காப் பார்த்திட்டு உடனே போயிருவன். நானும் இத்தாவில இருக்கோணும்தானே. வீட்டில உம்மா திரை கட்டுறா” என்றாள் அலிமாக்கண்டு.

“உனக்கு ஆரு மகள் மவுத்து?” என்று கேட்டாள் பல்கீஸ் மாமி. ஒரே நாளில் இந்தப் பிள்ளைக்கு இரண்டு துக்கமா என்று அவள் முகத்தில் உண்மையான இரக்கம்.

அலிமாக்கண்டு மாமியைப் பார்த்தாள், பிறகு றாவியாவைப் பார்த்தாள். என்ன கேட்கிறார்கள் என்றே அவளுக்கு விளங்கவில்லை. “ராத்தாக்குத் தெரியும்தானே” என்றாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். “எனக்கு நாலு மாசம் பத்து நாள் இல்ல மாமி. பிள்ளை பிறக்கிற மட்டும் இருந்தாக் காணும் எண்டு உம்மா சொன்னா.”

றாவியாவின் கை இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. அதை இழுக்க வேண்டும் என்று தெரிந்தது, இழுக்க முடியவில்லை. 

விஷயம் துண்டு துண்டாக வந்தது. போன வருஷம் நிக்காஹ் நடந்தது. ஒளித்து மறைத்து ஒன்றுமில்லை என்றுதான் அலிமாக்கண்டு நினைத்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் நெடுநாள் வருத்தக்காரி, படுத்த படுக்கை, அவளே தன் வாயால் இன்னொரு கல்யாணம் செய்யுங்கள் என்று சொன்னாள் என மர்சூக் பெண் கேட்க வந்தபோது சொன்னானாம். அதைக் கேட்டு நிந்தவூரில் அந்த வீடே அழுததாம். இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் ராத்தாவின் சுகத்துக்காக துஆக் கேட்டு வந்திருக்கிறாள். சூடடிப்பு முடிந்து ராத்தாவிடம் போகும்போதெல்லாம் அவன் கையில் ஏதாவது செய்து கொடுத்து அனுப்புவாள்.

“நான் கிண்டி அனுப்பின தொதல் திண்டீங்களா ராத்தா? வருத்தக்காரிக்கு மெல்லச் சுகமா இருக்கட்டும் எண்டுதான் பதத்தைக் கொஞ்சம் இளக விட்ட நான்.”

தின்றிருக்கிறாள். நிந்தவூர்க் கடைத் தொதல் என்று சொல்லித் தந்தான். அந்த இனிப்புக் கடைக்காரனின் கையைப் பற்றித் தெரு முழுக்கப் புகழ்ந்திருக்கிறாள். பல்கீஸ் மாமிக்கும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறாள். 

ஓடியாடித் திரிகிற தன்னைப் படுக்கையில் கிடத்தியிருக்கிறான். ஓம் சொல்லாத வாயை ஓம் சொல்ல வைத்திருக்கிறான். சூடடிப்பு என்று அவன் சொன்ன நாட்களில் பாதி எந்த வாடியில் கழிந்தது என்று இப்போது கணக்குத் தெரிந்தது. யன்னலும் மெசினும் எதற்கு வந்தன என்றும் தெரிந்தது. இழுத்துப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும். கேட்கலாமென்றால் அவன் மையித்து. செத்த மனுஷனோடு சண்டை பிடிக்க முடியாது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது. அழுவதா, திட்டுவதா என்று தெரியாமல் கிடந்தாள்.

பிறகு எதற்கென்று தெரியாமலே, உனக்கு ஆர் சேதி சொன்னது என்று கேட்டாள். அலிமாக்கண்டுவுக்குச் சொன்னவர் புடவைக்காரர் அழகரெத்தினம். அவர் நிந்தவூருக்கு வரும் வழியில் தேத்தண்ணிக் கடையில் மர்சூக்கின் மவுத்துச் சேதி கேட்டு, நல்ல மனுஷன் போயிட்டாரே என்று கண்கலங்கி, வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாராம்.

“பாம்பு எண்டவரா, யானை எண்டவரா?” என்று கேட்டாள் றாவியா.

“அதொண்டும் சொல்லல்ல ராத்தா. உங்கட வீட்டு யன்னல்ல வெள்ளைத் திரை கட்டியிருக்காம் எண்டு சொன்னார்.”

“ஓம், நான்தான் முதல் கண்டது. காலமை கதவைத் திறக்கிறன், நேரே உன்ட யன்னல்ல வெள்ளை தொங்குது. எனக்கு நெஞ்சே நிண்டு போச்சு. உடனே என்ட அவரைப் பள்ளிக்கு அனுப்பினன்” என்றாள் பல்கீஸ் மாமி. “உனக்கு ஆர் மகள் சேதி கொண்டு வந்த?”

றாவியா எழுந்து உட்கார்ந்தாள். தலையில் கிடந்த மல் துணி நழுவித் தோளில் விழுந்தது. செலீனாவின் யன்னலில் தொங்கியதும் வெள்ளைதான். அதையே பார்த்துப் பார்த்து ஏங்கியவளுக்கு, தன் தெருவில் வெள்ளை தொங்கினால் என்ன அர்த்தம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. காலை முழுக்க அவள் கண் தையலைத்தான் பார்த்தது. நிறத்தைப் பார்க்கவே இல்லை.

“எனக்கு ஒருத்தரும் சேதி கொண்டு வரல்ல மாமி. நீங்கதான் கொண்டு வந்த நீங்க” என்றாள். “அது நான் பழகத் தைச்ச திரை.”

பல்கீஸ் மாமி அப்படியே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள். ஊரெல்லாம் மூட்டிவிட்ட தீயை இனி எந்தக் கிணற்றுத் தண்ணீரால் அணைப்பது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அவன் சாகவில்லை. எங்கோ வட்டையில் நின்று நெல் தூற்றிக்கொண்டிருக்கிறான். றாவியாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் அவளைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் அலிமாக்கண்டுவும் அதே சொல்லை அதே நேரத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு விக்கி விக்கிச் சிரித்து, றாவியாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுடைய சந்தோஷம் தன்னுடையதுக்கு ஒரு நூலும் குறையவில்லை என்று கண்டபோதுதான் றாவியாவுக்கு உண்மையில் இடி விழுந்தது. அவன் செத்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருக்கலாம். உயிரோடிருக்கிறான். இன்றைக்கோ நாளைக்கோ இந்த வாசலால் சிரித்துக்கொண்டு வரப் போகிறான்.

நான் படுக்கையில் கிடக்கிறவளாகத் தெரிகிறேனா என்று அலிமாக்கண்டுவிடம் கேட்டாள். அவள் அப்போதுதான் நிமிர்ந்து றாவியாவைச் சரியாகப் பார்த்தாள். காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மெசினைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல அவள் முகத்திலிருந்து வடிந்தது.

“நீங்க ஓம் சொல்லல்லையா ராத்தா?” என்று கேட்டாள்.

“என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல” என்றாள் றாவியா.

அலிமாக்கண்டு வயிற்றில் கை வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் ஏமாற்றித்தான் வைத்திருந்தான் என்று விளங்கியதும், றாவியாவுக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. அது முழுவதும் ஒரே ஆளின் பக்கம் திரும்பியது.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லி ஓயவும் காரின் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற ஆண்களிடமிருந்து பெரிய சத்தம் எழுந்தது. தக்பீர் சொல்லுகிறார்கள், சிரிக்கிறார்கள், யாரோ அழுகிறார்கள். மையித்தை ஏற்றப் போன கார் உயிருள்ள ஆளை முன் சீட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தது. வீட்டு மண்டபத்திலிருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்வாசலால் ஓடினார்கள். சீனிமுகம்மதுவின் குரல் மட்டும் அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை.

மர்சூக் வீட்டுக்குள் வந்தான். உற்சாகமாக வந்தான். தன் மவுத்தைத் தானே கேட்டுவிட்டு வருகிற பெருமை எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அறை வாசலில் தொங்கிய வெள்ளைத் துணிக்குக் கீழே அவனுடைய கால்கள் தெரிந்தன. முழங்கால் வரை வயற்சேறு காய்ந்திருந்தது. அந்தக் கால்களைக் கழுவ எத்தனை நாள் வாளியில் தண்ணீர் வைத்திருப்பாள். இப்போதும் எழுந்து ஓடச் சொல்லி உடம்பு கேட்டது. றாவியா பாயை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“றாவியா, ஒழும்பி வெளிய வா” என்றான் சிரிப்போடு. “என்னைக் கொண்டுபோய் அடக்கப் பார்த்திட்டாங்க உன்ட ஊராக்கள்.”

“உள்ளுக்கு வராதீங்க” என்றாள் றாவியா. “இத்தாவில இருக்கிறம். அந்நிய ஆம்புளை வரக் கூடாது.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். வெளியே நின்ற ஆண்களும் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு கை திரையின் ஓரத்தைப் பிடித்தது.

“நான்தான் உசிரோட நிக்கிறனே. பொறகென்ன இத்தா?”

றாவியா அலிமாக்கண்டுவைப் பார்த்தாள். நீ சொல் என்று அவள் சொல்லவில்லை, சைகை காட்டவுமில்லை.

“இஞ்சாருங்க” என்றாள் அலிமாக்கண்டு.

ஒரு பெண் தன் புருஷனை மட்டும் கூப்பிடுகிற விதம் அது. திரையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. சிரிப்பு பாதியில் அறுந்தது. உள்ளே இருப்பவர்கள் யார் யார் என்று விளங்க அவனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அந்தக் கை துணியை மெல்ல விட்டது. அவன் பேரைச் சொல்லி ஏதோ கேட்டபடி சீனிமுகம்மது மண்டபத்துக்குள் ஏறுவதும் கேட்டது.

“மவுத்தானா மட்டுந்தான் இத்தாவா?” என்று றாவியா உள்ளிருந்தபடி கேட்டாள். “மாப்பிள்ளையை விட்டாலும் இத்தா இருக்கிறதானே.”

பல்கீஸ் மாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துணிக்குக் கீழே தெரிந்த சேற்றுக் கால்கள் வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு அடி பின்னால் வைத்தன.